மூடின ரூம்ல ஃபேன் போட்டு தூங்கினா உயிருக்கே ஆபத்துங்கறாங்களே, இதுல எது நிஜம் எது கதை?

ஜன்னலோரம்:
எங்க வீட்ல ராத்திரியானா இதே பஞ்சாயத்துதான், முடியல. யாரோ குடும்ப குரூப்ல ஒரு வீடியோ போட்டுட்டாங்க, கதவு ஜன்னல் சாத்திட்டு ஃபேன் ஓடவிட்டா ரூம்ல ஆக்சிஜன் தீர்ந்து தூக்கத்துலயே ஆள் போயிடுவாங்கன்னு. அன்னிக்கு ஆரம்பிச்சது. மாமியார் எங்க ரூம் கதவை தட்டி ஃபேனை நிறுத்த சொல்றாங்க, வீட்டுக்காரர் ஃபேன் இல்லாம தூங்கவே மாட்டார், நடுவுல நான். போதாததுக்கு முகவாதம் வரும், சளி பிடிக்கும், உடம்பு சூடு இறங்கி விறைச்சிடும், கைக்குழந்தைக்கு மூச்சு முட்டும்னு ஆளாளுக்கு ஒண்ணு சேத்துக்கிட்டே போறாங்க. பாப்பாவுக்கு அஞ்சு மாசம், அதனால சும்மா சிரிச்சிட்டு விடவும் மனசு வரல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

சும்மாவந்தேன்:
அந்த வீடியோ நானும் பாத்தேன். ஃபேன் றெக்கை ஆக்சிஜனை வெட்டி துண்டு துண்டா ஆக்கிடுமாம். அப்போ நம்ம மூச்சுல போறது ஆக்சிஜன் கொத்துதான் போல ஹாஹா.

கணக்குப்புலி:
சிரிக்கறது இருக்கட்டும், ஒரு சின்ன கணக்கு போட்டு பாத்துடலாம்.

முதல்ல ஒண்ணு, ஃபேன் எதையும் எரிக்கல. அடுப்போ மெழுகுவத்தியோ ஆக்சிஜனை எடுத்துக்கும், ஃபேன் மோட்டார்ல காயிலும் காந்த சக்தியும்தான் வேலை செய்யுது, இருக்கற காத்தை இங்கேருந்து அங்க தள்ளுது அவ்ளோதான். ரூம்ல ஆக்சிஜனை எடுத்துக்கறது தூங்கற ஆளு மட்டும்தான். அது எவ்வளவு? படுத்திருக்கற பெரியவங்க நிமிஷத்துக்கு சுமாரா 250 மில்லி, அதாவது மணிக்கு 15 லிட்டர், 8 மணி நேரத்துக்கு 120 லிட்டர்.

ரூம் 3 மீட்டர் நீளம் 3 மீட்டர் அகலம் 3 மீட்டர் உயரம்னு வெச்சுக்கங்க, மொத்தம் 27,000 லிட்டர் காத்து. அதுல 21 சதவீதம் ஆக்சிஜன், சுமார் 5,670 லிட்டர். இதுல 120 போனா என்ன ஆகும், 21 சதவீதம் இருந்தது 20.5க்கு பக்கத்துல வரும். ஒரு 200 மீட்டர் உயர மேட்டு மேல ஏறி படுத்தா எவ்ளோ குறையுமோ அவ்ளோதான். அதுவும் ஒரு பொட்டு காத்து கூட உள்ள வெளிய போகாத ரூமுக்கு. நிஜ வீட்ல கதவு இடுக்கு ஜன்னல் இடுக்குன்னு காத்து போய்ட்டு வந்துட்டுதான் இருக்கும்.

ஆனா ஒண்ணு நேர்மையா சொல்லணும், ஆக்சிஜனை விட இங்க கவனிக்க வேண்டியது கார்பன் டை ஆக்சைடு. ஒரு ஆள் நிமிஷத்துக்கு ஒரு 200 மில்லி விடுவார், காலைல அதே மூடின ரூம்ல கிட்டத்தட்ட 4,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 4,000 பங்கு) ஆகிடும், வெளிய சாதாரணமா 400 சொச்சம்தான். ரெண்டு பேர் படுத்தா இன்னும் ஏறும். வேலை செய்யற இடங்கள்ல 8 மணி நேரத்துக்கு 5,000 வரைக்கும்தான் இருக்கலாம்னு அமெரிக்காவுல ஒரு வரம்பு வெச்சிருக்காங்க. இந்த அளவுல யாரும் சாகமாட்டாங்க, ஆனா புழுக்கமா தோணும், தூக்கம் சரியா இருக்காது, எழுந்தா மந்தமா இருக்கும். இதுக்கு காரணம் மூடின ஜன்னல். ஃபேனை நிறுத்தினாலும் அதே 4,000தான் இருக்கும், கூட வேர்வையும் சேரும்.

வம்புவாசி:
கணக்கு நல்லாத்தான் போடறீங்க சார். ஆனா தென்கொரியாவுல அரசாங்கமே ஃபேன் போட்டு தூங்காதீங்கன்னு சொல்லிருக்கே? அங்க விக்கற ஃபேன்ல எல்லாம் தானா நிக்கற டைமர் இருக்கு. ஒரு நாடே முட்டாளா? நெருப்பில்லாம புகையாது.

தூக்கக்கலக்கம்:
வம்புவாசி சொன்னதுல பாதி சரி. கொரியாவுல இந்த பயம் ரொம்ப பழசு, 1927லயே அங்க ஒரு பத்திரிகை மின்விசிறியால உடம்புக்கு கெடுதல்னு செய்தி போட்டிருக்கு, அப்போ ஃபேனே புதுசா வந்த பொருள். அப்புறம் ஒவ்வொரு கோடையிலயும் ஃபேன் ஓடிட்டு இருந்த ரூம்ல ஆள் இறந்து கிடந்தார்னு செய்தி வர்றது வழக்கமாவே ஆகிடுச்சு. 2006ல அரசாங்கத்தோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு கோடைக்கால விபத்துகள்னு ஒரு பட்டியல் விட்டப்ப அதுல ஃபேன், ஏசியால மூச்சுத்திணறல்னும் ஒண்ணு இருந்துச்சு, 2003லேருந்து 2005 வரைக்கும் 20 கேஸ்னு போட்டிருந்தாங்க. இது வரைக்கும் நடந்ததுதான், மறுக்கல.

அந்த 20 கேஸை எப்படி பாக்கணும்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. கொளுத்தற கோடையில ராத்திரி எல்லா வீட்லயும் ஃபேன் ஓடும். இதய நோய் இருக்கறவங்க, நிறைய குடிச்சிட்டு படுத்தவங்க, வயசானவங்க இவங்கள்ல சில பேர் தூக்கத்துல இறக்கறாங்க, சூடே அதுக்கு ஒரு பெரிய காரணம். காலைல கதவை திறந்து பாக்கறவங்க கண்ணுக்கு என்ன படும்? மூடின ரூம், ஓடற ஃபேன். தலகாணியும்தான் பக்கத்துல இருந்துச்சு, அது மேல யாரும் பழி போடல.

அப்புறம் இன்னொண்ணு யோசிங்க. உலகத்துல வெயில் நாடுகள்ல கோடிக்கணக்கான பேர் வருஷம் பூரா ராத்திரி பகல்னு ஃபேனுக்கு கீழதான் படுக்கறாங்க. ஃபேன் ஆளைக் கொல்லும்னா அங்கெல்லாம் தினமும் கொத்து கொத்தா செத்திருக்கணும். ஒரு நாட்டு ஃபேனுக்கு மட்டும் கொலைவெறி இருக்க முடியாதுல்ல. கொரியாவுலயும் இளசுங்க இப்ப இதை பெருசா நம்பறதில்ல. டைமர் விஷயம் கேட்டீங்க, அந்த பயத்துக்காகவும் கேப்பாங்க, விடியக்காலை குளிரும்னும் கரண்ட் மிச்சம்னும் கேப்பாங்க, விக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

சும்மாவந்தேன்:
தலகாணி மேல பழி போடல, சூப்பர்.

இரவுப்பணி:
நான் நர்ஸ், பாதி வாழ்க்கை ராத்திரி ட்யூட்டிலயே போயிடுச்சு, அதனால இந்த இழையில வாய வெக்க எனக்கு உரிமை இருக்கு.

ஜன்னலோரம், ஒண்ணொண்ணா சொல்றேன். உடம்பு விறைச்சிடும்ங்கறது நடக்காது. உடம்போட உள் சூடு சாதாரணமா 37 டிகிரி பக்கம் இருக்கும், அது 35க்கு கீழ போனாதான் ஆபத்தான குளிர்ச்சின்னு சொல்லுவோம். 28, 30 டிகிரி இருக்கற ரூம்ல போர்வையை இழுத்துக்கற தெம்பு இருக்கற ஆளுக்கு ஃபேன் காத்தால அந்த அளவு இறங்காது. தோல் சில்லுன்னு ஆகும், அது வேற, உள் சூடு வேற.

சளி வைரஸாலதான் வருது, காத்தால வராது. ஆனா காத்து நேரா மூஞ்சில அடிச்சா மூக்கு தொண்டை காயும், காலைல கரகரன்னு இருக்கும், அதைத்தான் நிறைய பேர் சளி பிடிச்சிடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க. ஏற்கனவே அலர்ஜி, சைனஸ், ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு றெக்கையில படிஞ்ச தூசி ஒரு தொல்லைதான், அழுக்கு ஃபேனை பல நாள் கழிச்சு போட்டா தும்மலாவே வரும். துடைச்சு வெச்சா முடிஞ்சுது. சில பேருக்கு தூங்கறப்ப கண்ணு முழுசா மூடாது, அவங்களுக்கு கண் எரிச்சல் நிஜமாவே வரும்.

முகவாதம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுல தப்பா நினைச்சு நாளைக் கடத்திட்டு வர்றவங்களை நிறைய பாக்கறேன். முகத்தோட ஒரு பக்க நரம்பு வீங்கி அந்த பக்கம் தொங்கிடும். பெரும்பாலும் உடம்புல ஏற்கனவே பதுங்கி இருக்கற ஹெர்பிஸ் வகை வைரஸ் முழிச்சுக்கறதுதான் காரணமா இருக்கும்னு டாக்டர்கள் நினைக்கறாங்க. ராத்திரி நல்லா படுத்தவர் காலைல கண்ணாடில பாத்தா வாய் கோணியிருக்கும், ராத்திரி ஓடினது ஃபேன், உடனே தீர்ப்பு சொல்லியாச்சு. ஃபேனை நிறுத்திட்டு ஒத்தடம் குடுத்துட்டு ரெண்டு நாள் பாப்போம்னு உக்காந்துடறாங்க, அதுதான் நிஜ ஆபத்து. ஸ்டீராய்டு மாத்திரை முதல் 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா வேலை செய்யும். அதை விட முக்கியம், வாய் கோணறது பக்கவாதமாவும் இருக்கலாம், அதுல நாள் கணக்கு இல்ல, நிமிஷக் கணக்குதான். கை கால் பலமில்லாம போச்சா, பேச்சு குழறுதா, இதெல்லாம் வீட்ல உக்காந்து ஆராயாம நேரா ஆஸ்பத்திரி வந்துடுங்க.

பாப்பா விஷயம் அடுத்த பதிவுல எழுதறேன், பெல் அடிக்குது.

வம்புவாசி:
சரி மேடம், இதுக்கு பதில் சொல்லுங்க. எனக்கு ஃபேன் போட்டு தூங்கினா காலைல தலை கனமா இருக்கு, போடாத அன்னிக்கு இல்ல. இது அனுபவம், படிச்சு சொல்றதில்ல.

கணக்குப்புலி:
மேடம் ட்யூட்டில இருக்காங்க, நான் கேக்கறேன். ஃபேன் போடாத அன்னிக்கு ஜன்னலை திறந்து வெச்சீங்களா மூடி வெச்சீங்களா?

வம்புவாசி:
ஃபேன் இல்லாம ஜன்னலையும் மூடினா வெந்து போயிடுவேன், திறந்துதான் வெச்சேன்.

கணக்குப்புலி:
அதான் பாஸ். ரெண்டு விஷயத்தை ஒரே ராத்திரில மாத்திட்டு ஒண்ணு மேல பழி போட்டா எப்படி? ஜன்னலையும் திறங்க, ஃபேனும் ஓடட்டும், ஒரு வாரம் பாருங்க. காத்து நேரா தலையில அடிக்காம திருப்பி வைங்க. வாயைத் திறந்துட்டு தூங்கற ஆளா இருந்தா தொண்டை காஞ்சு போறதுலயும் தலை வலிக்கலாம். அப்பவும் தினமும் தலைவலி இருந்தா, குறட்டையும் இருந்தா, டாக்டர்கிட்ட காட்டணும், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி இருந்தாலும் காலைல தலைவலி வரும். அதை ஃபேன்தான்னு நினைச்சிட்டே இருந்தா கண்டுபிடிக்காம விட்டுடுவீங்க.

பழையமோட்டார்:
எல்லாரும் காத்தை பத்தியே பேசறீங்க, அந்த இரும்பை பத்தி யாராவது பேசுங்களேன்யா. 20 வருஷத்துக்கு மேல வயரிங் வேலை பாக்கறவன் நான், ஃபேனால ஆபத்து உண்டான்னு கேட்டா உண்டுன்னுதான் சொல்லுவேன், ஆனா நீங்க பயப்படற இடத்துல இல்ல.

சீலிங் ஃபேன் ஆடுதுன்னா அது சும்மா ஆடல. மேல கொக்கில மாட்டற இடத்துல ஒரு ரப்பர் ரீல், அதுக்குள்ள போல்ட், போல்ட்டுக்கு நட்டு, நட்டு கழண்டு வராம இருக்க ஒரு சின்ன ஸ்ப்ளிட் பின். ரப்பர் தேஞ்சு, நட்டு லூஸாகி, பின்னும் இல்லன்னா ஒரு நாள் மொத்தமா கீழ வரும். மாட்டறவன் அவசரத்துல அந்த பின்னை போடாம போயிடறான், நான் கழட்டி பாக்கற பழைய ஃபேன்ல எத்தனையோல அந்த பின் இருக்கறதில்ல. கீழ மோட்டார் பக்கமும் இதே மாதிரி போல்ட், பின் உண்டு. புது ஃபேன் சிலதுல பாதுகாப்புக்குன்னு ஒரு கம்பிக்கயிறு தர்றாங்க, அதை எதுக்குன்னு தெரியாம டப்பாவோட தூக்கி போட்டுடறாங்க. றெக்கை தரையிலேருந்து 7 அடிக்கு மேல இருக்கணும், அடுக்கு கட்டில் இருக்கற ரூம்ல மேல் கட்டில் குழந்தை எழுந்து நின்னா கை தலையெல்லாம் படும், அங்க சீலிங் ஃபேனே வேணாம்.

டேபிள் ஃபேன்ல வேற கதை. தூசி முடி எல்லாம் சேந்து பேரிங் இறுகிடும், றெக்கை சுத்தாது, ஆனா கரண்ட் போய்ட்டே இருக்கும், மோட்டார் கொதிக்கும். நல்ல மோட்டார்ல உள்ள ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கும், சூடானா கட் பண்ணிடும். அது போயிடுச்சுன்னு அதை நேரா இணைச்சு குடுக்கற மெக்கானிக்கை வீட்டுக்குள்ள விடாதீங்க. வயரை மிதியடிக்கு அடியில ஓட்டாதீங்க, கட்டில் காலுக்கு அடியில நசுக்காதீங்க, தீய்ஞ்ச வாசனை வந்தா பிளக்கை பிடுங்குங்க. தூங்கறவன் மூக்குக்கு வாசனை சீக்கிரம் தெரியாது, அதனால ராத்திரி ஓடற ஃபேன் நல்லா இருக்கான்னு பகல்லயே பாத்துடணும்.

அப்புறம் ராத்திரி முழுக்க ஓடினா மோட்டார் எரிஞ்சிடும்ங்கறதும் கதைதான். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், 8 மணி நேரம் ஓடினா 0.6 யூனிட். நிக்காம ஓடறதுக்குன்னே செஞ்ச மோட்டார், தன் காத்துலயே குளிர்ந்துக்கும். மெதுவா ஓடுது, தட்டிவிட்டாதான் சுத்துதுன்னா கண்டென்சர் போயிடுச்சு, அதை மாத்துங்க, தட்டி தட்டி ஓட்டாதீங்க.

ஜன்னலோரம்:
ஐயோ அண்ணா, எங்க ரூம் ஃபேன் ஆடிட்டேதான் இருக்கு, அதுவும் கட்டிலுக்கு நேர் மேல! இத்தனை நாள் ஆக்சிஜனை பத்தி சண்டை போட்டுட்டு இருந்தோம்.

பழையமோட்டார்:
முதல்ல கட்டிலை நகத்துங்கம்மா, அப்புறம் ஆளை கூப்பிடுங்க.

இரவுப்பணி:
வந்துட்டேன். பாப்பா விஷயம்.

குழந்தை இருக்கற ரூம்ல ஃபேன் ஓடினா மூச்சு முட்டும்ங்கறதுக்கு நேர் எதிராத்தான் ஒரு ஆய்வு இருக்கு. 2008ல கலிபோர்னியாவுல செஞ்சது, காரணம் தெரியாம தூக்கத்துல குழந்தை இறக்கறது பத்தி. ஃபேன் ஓடின ரூம்ல தூங்கின குழந்தைகளுக்கு அந்த ஆபத்து 72 சதவீதம் குறைவா இருந்துச்சுன்னு வந்தது. இதைப் பிடிச்சுக்கிட்டு ஃபேன் போட்டா போதும் குழந்தை பத்திரம்னு நினைச்சுடாதீங்க, இறந்த குழந்தைகளையும் மத்த குழந்தைகளையும் பின்னாடி ஒப்பிட்டு பாத்த ஆய்வு அது, ஃபேன்தான் காப்பாத்துச்சுன்னு அது நிரூபிக்கல. ஆனா ஃபேன் கொல்லுதுன்னு சொல்றவங்க வாயை அடைக்க போதும்.

உண்மையில முக்கியம் வேற. மல்லாக்க படுக்க வைங்க, ஒவ்வொரு தடவையும். படுக்கை கெட்டியா இருக்கணும், தலகாணி, கனமான போர்வை, பொம்மை எதுவும் வேணாம். குழந்தைக்கு குளிரை விட அதிகமா சுத்தி சூடாக்கறதுதான் கவலை. கையும் காலும் சில்லுன்னு இருக்குன்னு பயந்து இன்னொரு துணி சுத்துவாங்க, கைக்குழந்தைக்கு கை கால் கொஞ்சம் சில்லுன்னுதான் இருக்கும். நெஞ்சையோ பிடரியையோ தொட்டு பாருங்க, வேர்த்து இருந்தா துணி அதிகம். ஃபேன் காத்து நேரா மூஞ்சில படாம சுவர் பக்கம் திருப்புங்க, வயர் பாப்பா கைக்கு எட்டக்கூடாது.

தூக்கக்கலக்கம்:
மூடின ரூம் பயத்துல நியாயமான பயம் ஒண்ணு இருக்கு, அதை சொல்லாம விடக்கூடாது. கரி அடுப்பு, கணப்பு, ஜெனரேட்டர் இதையெல்லாம் மூடின ரூம்லயோ ஜன்னலுக்கு பக்கத்துலயோ வெச்சிட்டு படுக்கறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது நிறம் கிடையாது, தூக்கத்துல இருக்கறவங்க எழுந்துக்கவே மாட்டாங்க. அங்க ஃபேன் ஓடினாலும் காப்பாத்தாது, அதே காத்தைத்தான் சுத்திவிடும். கரண்ட் போச்சுன்னு ஃபேன் ஓட்ட ஜெனரேட்டரை வராண்டாவுல வெக்கறவங்க இருக்காங்க, ஃபேனை விட அதுதான் ஆளைக் கொல்லும்.

ஜன்னலோரம்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். கடைசியா ஒண்ணு, மாமனாருக்கு 74 வயசு, பிபி மாத்திரை போடறார். வெயில் ஜாஸ்தியான ராத்திரில அவர் ரூம்ல ஜன்னல் மூடி ஃபேன் மட்டும் ஓடுது. அவருக்கு ஏதும் இல்லல்ல?

இரவுப்பணி:
நல்ல கேள்வி, இங்கதான் ஃபேனை ரொம்பவும் நம்பக்கூடாது. ஃபேன் ரூமை குளிர வெக்காது, ஆளைத்தான் குளிர வெக்கும், அதுவும் முக்கியமா வேர்வை காயறதாலதான். நம்ம தோல் சூடு 35 டிகிரி பக்கம். ரூம் காத்து அதுக்கு மேல போச்சுன்னா ஃபேன் சூட்டையும் சேத்து உடம்பு மேல தள்ளுது, ஆனா வேர்வை காயறதுல அதை விட அதிகமா சூடு போயிடும், அதனால இன்னும் கொஞ்ச தூரம் உதவும். வயசானவங்களுக்கு வேர்வையே கம்மி, சில மாத்திரைங்க இன்னும் குறைக்கும், நீர் பிரியற மாத்திரைன்னா உடம்புல தண்ணியும் குறையும்.

2019ல சிட்னி ஆராய்ச்சியாளர்கள் செஞ்ச சோதனைல, 40 டிகிரி ஈரப்பதமான சூட்ல ஃபேன் இளவயசு ஆம்பளைங்களுக்கு உதவுச்சு, 47 டிகிரி வறண்ட சூட்ல நிலைமையை மோசமாத்தான் ஆக்குச்சு. உலக சுகாதார அமைப்பு 40 டிகிரிக்கு மேல ஃபேன் உடம்பை சூடாக்கும்னு சொல்லுது. வயசானவங்களுக்கு 38லயே உஷாராகிடலாம். தோலை ஈரமாக்கிட்டு ஃபேன் போட்டா வித்தியாசம் நல்லா தெரியும், ஈரத்துணியால கை கழுத்து துடைச்சுவிடுங்க, வெளிக்காத்து ரூம் காத்தை விட குளிர்ச்சியா இருக்கற நேரத்துல ஜன்னலை திறங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தக்கூடாது, டாக்டர்கிட்ட வெயில் காலம்னு சொல்லி கேளுங்க. குழப்பமா பேசறார், தடுமாறுறார், தொட்டா கொதிக்குதுன்னா விடியட்டும்னு பாக்காம உடனே கூட்டிட்டு போங்க.

வம்புவாசி:
ஜன்னலை திறந்தா கொசு வருமே மேடம், அதுக்கு யார் பதில் சொல்றது.

கணக்குப்புலி:
ஜன்னலுக்கு வலை அடிங்க. ஃபேனே பாதி வேலை பாக்கும், கொசு பலமா பறக்கற பூச்சி இல்ல, அந்த காத்துல உக்காரவே கஷ்டப்படும். நம்ம விடற மூச்சை மோப்பம் பிடிச்சுதான் அது வரும், ஃபேன் அதையும் கலைச்சுவிடும். கால் பக்கமும் காத்து படற மாதிரி வைங்க, அங்கயும் கடிக்கும்.

வம்புவாசி:
வலை அடிச்சு பாக்கறேன். ஆனா கொரியா விஷயத்துல எனக்கு இன்னும் முழுசா திருப்தி இல்ல.

பழையமோட்டார்:
ஜன்னலோரம், கொக்கி பாக்க ஆள் வந்தா மெயினை ஆஃப் பண்ண சொல்லுங்க, ரெகுலேட்டரை மட்டும் நிறுத்திட்டு ஏறவிடாதீங்க. ரப்பர் ரீல் புதுசா மாத்த சொல்லுங்க, ஸ்ப்ளிட் பின் மேலயும் கீழயும் ரெண்டும் போட்டு பின்னோட ரெண்டு காலையும் விரிச்சு மடக்கிட்டாரான்னு கண்ணால பாருங்க. றெக்கை ஸ்க்ரூ எல்லாம் ஒரே மாதிரி இறுகி இருக்கணும். இவ்ளோ பண்ணியும் ஆடுச்சுன்னா றெக்கை எதுவோ வளைஞ்சிருக்கு, மூணையும் செட்டாத்தான் மாத்தணும், ஒண்ணை மட்டும் மாத்தினா திரும்பவும் ஆடும்.